டென்யூருக்குத் தகுதி பெறுவது எப்படி? ஆகஸ்டில் சேரப் போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில், சிவில் இன்ஜினியரிங் துறையில் அசிஸ்டென்ட் புரொஃபசர் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் டென்யூர் ட்ராக், அதாவது டென்யூர் என்ற நிரந்தரப் பேராசிரியர் பதவிக்குப் போகும் வரிசை என்று போட்டு, ஆறாவது வருடம் ரிவ்யூ என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பர்மனென்ட் போஸ்டிங்தானே?" என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஃபேகல்டி ஹேண்ட்புக்கை (ஆசிரியர்களுக்கான விதிக் கையேடு) முழுசாகப் படித்தேன். ஆய்விலும் கற்பித்தலிலும் சிறந்து விளங்க வேண்டும், சேவை திருப்திகரமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை பேப்பர், எவ்வளவு கிராண்ட் (ஆய்வு நிதி), யார் யார் ஓட்டுப் போடுவார்கள், இதெல்லாம் எங்கே எழுதியிருக்கும்? இன்னொன்று, வேறொரு இடத்தில் விசிட்டிங்காக, அதாவது தற்காலிகமாக, இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், அதற்காக டென்யூர் கணக்கில் இரண்டு வருடம் கிரெடிட் தருகிறோம் என்று துறைத் தலைவர் சொல்கிறார். வாங்கிக் கொள்ளலாமா?

பாலாறு:
வாழ்த்துகள் நண்பரே. நானும் பொறியியல்தான், டென்யூர் வாங்கி இப்போது எங்கள் கல்லூரிக் கமிட்டியில் (பல்கலைக்குள் பல துறைகள் சேர்ந்த பிரிவைத்தான் இங்கே கல்லூரி என்பார்கள்) மற்றவர்களுடைய ஃபைலை, அதாவது டென்யூர் விண்ணப்பத் தொகுப்பைப் படித்து ஓட்டுப் போடும் இடத்தில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இப்போது கிடைத்திருப்பது நிரந்தர வேலை கிடையாது, நிரந்தரம் கேட்க உரிமை உள்ள வேலை. அந்த உரிமை உங்களுக்கு வந்தது ஆஃபர் லெட்டரில் இருக்கும் அந்த ஒரு வரியால். அது இல்லாதவர் இருபது வருடம் அதே துறையில் பாடம் நடத்தினாலும் டென்யூருக்கு விண்ணப்பமே போட முடியாது. உரிமை கிடைத்த பிறகு, நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க உங்கள் மேல். உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை என்பது மட்டும் இங்கே போதாது.

கால அளவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏஏயூபி என்ற அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து 1940-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. சோதனைக் காலம் 7 வருடத்தைத் தாண்டக் கூடாது, வேலை தர முடியாதென்றால் அந்தக் காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது அதில் உள்ள விதி. ஆறாவது வருடம் ரிவ்யூ வைப்பதற்கு அதுதான் காரணம். கிடைத்தால் ஏழாவது வருடத் தொடக்கத்தில் இருந்து டென்யூர். மறுத்தால் ஏழாவது வருடம் கடைசி வருடம், வேறு வேலை தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். எல்லா இடத்திலும் இதே கணக்கு இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக 8 வருடம் வரை இருக்கலாம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மதிப்பீடு நடக்கும். எம்ஐடி-யில் டென்யூர் இல்லாமலேயே அடுத்த நிலையான அசோசியேட் புரொஃபசர் ஆகலாம், டென்யூர் அதற்கு அப்புறம் தனியாக வரும்.

யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அநேகமாக எல்லா இடத்திலும் வரிசை இதுதான்: துறையில் ஏற்கெனவே டென்யூர் உள்ளவர்கள் ஓட்டு, துறைத் தலைவரின் கடிதம், கல்லூரிக் கமிட்டி, கல்லூரித் தலைவரான டீன், சில இடங்களில் பல்கலை அளவில் இன்னொரு கமிட்டி, பல்கலையின் தலைமைக் கல்வி அதிகாரியான புரோவோஸ்ட், கடைசியில் ஆட்சிக்குழு. ஐந்தாவது வருடம் முடியும் கோடையிலேயே ஃபைல் கிளம்பிவிடும், பதில் வர அடுத்த வசந்தம் ஆகும்.

ஆனால் இந்தப் படிகளையெல்லாம் விட அதிகம் தீர்மானிப்பது வெளிக் கடிதங்கள். உங்கள் துறையில் பெயர் உள்ள, வேறு பல்கலைகளில் இருக்கிற மூத்த பேராசிரியர்களுக்கு உங்கள் சிவி-யையும் சில பேப்பர்களையும் அனுப்பி, இவருடைய ஆய்வு எப்படி, உங்கள் இடத்தில் இருந்தால் இவருக்கு டென்யூர் கிடைக்குமா என்று கேட்பார்கள். உங்கள் கைடும் உங்களோடு சேர்ந்து பேப்பர் எழுதியவர்களும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சில பெயர்களை நீங்கள் தரலாம், மற்ற பெயர்களைத் துறை தேர்ந்தெடுக்கும், யார் எழுதினார்கள் என்பது பெரும்பாலும் உங்களுக்குச் சொல்லப்படாது. ஒரு கமிட்டி உறுப்பினராகச் சொல்கிறேன், நாங்கள் அந்தக் கடிதங்களைத்தான் வரி வரியாகப் படிக்கிறோம், எழுத மறுத்தவர்கள் எத்தனை பேர் என்றுகூடப் பார்க்கிறோம். ஆகவே உங்களைத் தெரியாத ஏழெட்டுப் பேர் உங்கள் ஆய்வை ஐந்து வருடத்துக்குள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாநாட்டில் பேசுங்கள், பிற பல்கலைகளில் செமினார் கொடுக்க அழைப்பு கேளுங்கள், அப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆய்வு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்எஸ்எஃப், அதன் பேனலில் ரிவ்யூ செய்யக் கூப்பிட்டால் போங்கள்.

எத்தனை பேப்பர் என்பதை அநேகமாக எங்கேயும் எழுத மாட்டார்கள். எழுதிவிட்டால் அதை எட்டியவருக்கு மறுக்க முடியாமல் போகும் என்ற பயம் ஒரு காரணம், ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எண்ணிக்கை வேறு என்பது இன்னொரு காரணம். உங்கள் துறையில் கடைசியாக டென்யூர் வாங்கிய நாலைந்து பேருடைய சிவி-யைத் துறை வலைத்தளத்தில் எடுத்து, ஃபைல் போன வருடத்தில் அவர்களிடம் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் துறையின் உண்மையான அளவுகோல்.

தேரிக்காடு:
பாலாறு சொல்வது ஆராய்ச்சிப் பல்கலைகளுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இருப்பது இளங்கலைப் படிப்பை மையமாக வைத்த சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, உயிரியல் துறை. இங்கே கற்பித்தல்தான் ஃபைலின் முதல் பாதி. சக ஆசிரியர்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து அறிக்கை எழுதுவார்கள், பழைய மாணவர்களிடம் கடிதம் வாங்குவார்கள், இளங்கலை மாணவர்களை வைத்து ஆய்வு நடத்தியிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். பேப்பர் வேண்டும், ஆனால் எண்ணிக்கை குறைவு. கிராண்ட் இல்லாவிட்டாலும் டென்யூர் கிடைத்தவர்கள் உண்டு. பாடம் நடத்துவதில்தான் உயிர் என்று இருப்பவர்கள் இந்த மாதிரி இடங்களைத் தேடிப் போகலாம், இது இரண்டாம் தர வழி என்ற எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது, எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மழைக்குருவி:
பாலாறு அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாத பக்கத்தில் நான் நிற்கிறேன். என் பதவியின் பெயர் ரிசர்ச் அசிஸ்டென்ட் புரொஃபசர். ஊரில் எல்லோரும் புரொஃபசர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளம் கிராண்டில் இருந்து வருகிறது, கிராண்ட் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது, டென்யூருக்கு நான் தகுதியே இல்லை. கிளினிக்கல் புரொஃபசர், புரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ், லெக்சரர், இன்ஸ்ட்ரக்டர், அட்ஜங்க்ட் எல்லாமே பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். இங்கே பல பல்கலைகளில் தமிழ் மொழி வகுப்பு நடத்துகிறவர்களும் பெரும்பாலும் லெக்சரர் பதவியில்தான் இருக்கிறார்கள், வருடக் கணக்கில் மாணவர்களை உருவாக்கியும் அந்த வரிசைக்குள் அவர்களால் வர முடிவதில்லை.

நாங்கள் சிறுபான்மை என்று நினைக்காதீர்கள். ஏஏயூபி கணக்குப்படி 1987-இல் ஆசிரியர்களில் சுமார் 47 சதவீதம் பேர் டென்யூருக்கு வெளியே இருந்தார்கள், 2021-இல் அது 68 சதவீதம். டென்யூருக்கு எப்படித் தகுதி பெறுவது என்ற கேள்விக்கு மூன்றில் இரண்டு பேருக்குக் கிடைக்கிற பதில், உங்கள் பதவிக்கு அது கிடையாது என்பதுதான். ஆஃபர் வரும்போதே டென்யூர் ட்ராக்கா இல்லையா என்று நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கொல்லிமலை:
நான் தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரியில் இருக்கிறேன். இங்கே உள்ள முறையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தலைகீழாக இருக்கிறது. நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, இல்லையென்றால் பிஎச்டி, அதை வைத்து உள்ளே வர வேண்டும். வந்துவிட்டால் யுஜிசி 2018 விதிப்படி தகுதிகாண் பருவம் ஒரு வருடம், கூட்டினாலும் இன்னும் ஒரு வருடம்தான். அதற்கு அப்புறம் பதவி உயர்வுக்குத்தான் மதிப்பீடு. பிஎச்டி இருந்தால் 4 வருடத்தில் சம்பள நிலை லெவல் 10-இல் இருந்து 11. ஆய்வு செய்யாவிட்டால் உயர்வு தள்ளிப் போகும், வேலை போகாது. அங்கே மேலே போ, இல்லையென்றால் வெளியே போ என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நிம்மதி இல்லை. இங்கே நுழைவதுதான் பெரும்பாடு, நியமனமே வருடக் கணக்கில் நடக்காமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பை ஓட்டுகிறார்கள். மழைக்குருவி சொல்வதைப் படித்தபோது அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஒரு சந்தேகம். கற்பித்தலில் விருது வாங்கியவருக்கு ஆய்வு கொஞ்சம் குறைவாக இருந்தால் அங்கே விட்டுக் கொடுப்பார்களா?

பாலாறு:
ஆராய்ச்சிப் பல்கலையில் விட்டுக் கொடுக்க மாட்டார்கள் சார். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கற்பித்தல் மோசமாக இருந்தால் ஃபைலைக் கவிழ்க்கும், நன்றாக இருந்தால் ஆய்வின் குறையை ஈடு கட்டாது. வைகைக்கரைக்குக் கிராண்ட் பற்றி ஒரு வார்த்தை: என்எஸ்எஃப் கேரியர் விருது டென்யூர் கிடைக்காத உதவிப் பேராசிரியர்களுக்காகவே உள்ளது, பொறியியலில் 5 வருடத்துக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர், மொத்தம் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம். முதல் வருடமே அவசரப்பட்டு ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். அப்புறம், இடையில் மூன்றாம் வருடம் நடக்கும் ரிவ்யூ முடிந்ததும் கையில் தரும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் குறை என்று எதைச் சொன்னார்களோ, ஆறாவது வருடம் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்போம்.

நொய்யல்:
எனக்கு டென்யூர் மறுக்கப்பட்டது. அது எப்படி நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். என் துறை வரலாறு. எங்களுக்குப் பேப்பரை விடப் புத்தகம்தான் கணக்கு, நல்ல பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வர வேண்டும். என் புத்தகத்தைப் பதிப்பகம் ஏற்று ஒப்பந்தமும் ஆகிவிட்டது, அச்சுக்குப் போகவில்லை. ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று துறைத் தலைவர் ஒவ்வொரு வருட மதிப்பீட்டிலும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார். துறையில் ஓட்டு எனக்குச் சாதகம். கல்லூரிக் கமிட்டியில் பிளவு. புரோவோஸ்ட், புத்தகம் கையில் இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். ஹேண்ட்புக்கில் ஒப்பந்தம் என்றும் இல்லை, அச்சு என்றும் இல்லை. மேல்முறையீடு செய்தேன். அந்தக் குழு பார்த்தது நடைமுறை மீறப்பட்டதா என்பதை மட்டும். என் ஆய்வின் தரத்துக்குள் அவர்கள் போகவே இல்லை, போக விதியும் இல்லை. கடைசி வருடம் அதே வராந்தாவில், எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களோடு, பாடம் நடத்தினேன். இப்போது வேறொரு மாநிலத்தில் சின்ன அரசுப் பல்கலையில் டென்யூரோடு இருக்கிறேன், புத்தகமும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோபம் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை, ஏனென்றால் இன்னும் பலருக்கு இதேதான் நடக்கிறது.

அப்போதுதான் வழக்குகளைப் படித்தேன். 1972-இல் ஒரே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு தந்தது. விஸ்கான்சினில் ராத் என்பவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தார், புதுப்பிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவருக்கு விசாரணை கேட்க உரிமை இல்லை என்றது நீதிமன்றம். டெக்சஸில் சிண்டர்மன் மாநிலக் கல்லூரிகளில் 10 வருடம் வேலை பார்த்தவர், அவருடைய கல்லூரியில் டென்யூர் என்ற முறையே எழுத்தில் இல்லை, ஆனால் வேலை திருப்தியாக இருக்கும் வரை நிரந்தரம் என்று உணரும்படி ஆசிரியர் கையேட்டில் வாசகம் இருந்தது. அந்த எதிர்பார்ப்பை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்றது. கையேட்டில் அச்சாகியிருந்த சில வரிகள்தான் அவருக்குக் கை கொடுத்தன. துறைத் தலைவர் அறையில் கேட்ட சொல்லுக்கு அந்த பலம் கிடையாது.

பாலாறு:
இதோடு 1990 தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்யூர் மறுக்கப்பட்ட ஒரு பெண் பேராசிரியர், பாகுபாடு என்று சமவாய்ப்பு ஆணையத்திடம் போனார். கமிட்டி ஃபைல்களைத் தர முடியாது, ரகசியம் என்றது பல்கலை. அப்படி ஒரு தனிச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு கமிட்டியில் உட்காருகிற ஒவ்வொருவரும், நாளைக்கு இது வெளியே வரலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறோம். நல்லதுதான்.

சித்தன்னவாசல்:
எல்லோரும் டென்யூரை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள், இன்னும் பத்து இருபது வருடத்தில் அது என்ன மிச்சம் இருக்கும்? விஸ்கான்சின் 2015-இல் மாநிலச் சட்டத்தில் இருந்தே அதை எடுத்துவிட்டது. டெக்சஸில் 2023-இல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு டென்யூரே வேண்டாம் என்று செனட் நிறைவேற்றியது, கடைசியில் சட்டமானது வேறு வடிவம், டென்யூர் தங்கியது, ஆனால் மறு மதிப்பீட்டோடு. ஃபுளோரிடாவில் 5 வருடத்துக்கு ஒரு தடவை மதிப்பீடு. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலை 2023-இல் 28 பாடப் பிரிவுகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் வெட்டியது, டென்யூர் உள்ளவர்களும் போனார்கள். ஆறு வருடம் தூக்கம் இல்லாமல் உழைத்து வாங்குவது இதையா? அதே உழைப்பைத் தனியார் துறையில் போட்டால் இரண்டு மடங்கு சம்பளம்.

நொய்யல்:
நீங்கள் சொன்ன உண்மைகளை மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை எதற்காக வந்தது என்று பாருங்கள். 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரை, பல்கலையை நிறுவியவரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வெளியேற்றினார்கள். ராஸ் ரயில்வே கம்பெனிகளை எதிர்த்துப் பேசினார், ஆசியத் தொழிலாளர்கள் குடியேறுவதையும் எதிர்த்து மோசமாகப் பேசினார். அந்த இரண்டாவது பேச்சை நானோ நீங்களோ ஏற்க முடியாது. ஆனாலும் பணம் கொடுத்தவர் சொன்னார் என்று ஒரு பேராசிரியரை அனுப்பலாமா என்று கேட்டு ஆர்தர் லவ்ஜாய் உள்பட சிலர் ராஜினாமா செய்தார்கள். அதே லவ்ஜாயும் ஜான் டூயியும் சேர்ந்து 1915-இல் தொடங்கியதுதான் ஏஏயூபி. பிடிக்காத கருத்துக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. ஆட்சியாளர்கள் இப்போது அதைக் குறி வைக்கிறார்கள் என்றால், அதற்கு இன்னும் பலம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பாதுகாப்பு குறைகிறதே என்பதற்காக அதை வேண்டாம் என்று நாமே விட்டுவிடக் கூடாது.

மழைக்குருவி:
வைகைக்கரை விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை, நான் சொல்கிறேன். எச்-1பி என்ற வேலை விசா மொத்தம் 6 வருடம். டென்யூர் முடிவு வருவதும் ஆறாவது வருடம். இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். பாடம் நடத்தும் பதவிக்குக் கிரீன் கார்டு கேட்கப் பல்கலைகளுக்கு என்று தனி வழி உண்டு, உங்களைத் தேர்ந்தெடுத்த தேதியில் இருந்து 18 மாதத்துக்குள் லேபர் சர்ட்டிஃபிகேஷன் (தொழிலாளர் துறையின் சான்று) விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், தவறினால் மறுபடி முதலில் இருந்து விளம்பரம் கொடுக்க வேண்டி வரும். சிறந்த ஆய்வாளர்களுக்கான இபி-1பி என்ற கிரீன் கார்டு பிரிவில் டென்யூர் ட்ராக் வேலையையும் ஏற்பார்கள், லேபர் சர்ட்டிஃபிகேஷனும் தேவையில்லை. ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகிவிட்டால் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீண்டாலும் எச்-1பி-யை நீட்டிக்க முடியும். சேர்ந்த முதல் மாதமே சர்வதேச அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், டென்யூர் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

தேரிக்காடு:
குழந்தை பிறந்தால் ஒரு வருடம் டென்யூர் கடிகாரத்தை நிறுத்தும், அதாவது ரிவ்யூவை ஒரு வருடம் தள்ளிப் போடும் வசதி அநேக இடங்களில் உண்டு. கோவிட் சமயத்தில் எல்லோருக்குமே கொடுத்தார்கள். இதில் பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக இந்த வசதி கொடுத்த முன்னணிப் பொருளாதாரத் துறைகளை எடுத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு, அதற்குப் பிறகு ஆண்களின் டென்யூர் விகிதம் கூடியதாகவும் பெண்களுடையது குறைந்ததாகவும் காட்டியது. அந்த வருடத்தில் யார் குழந்தையைப் பார்த்தார்கள், யார் பேப்பர் எழுதினார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, தேவையென்றால் கண்டிப்பாக எடுங்கள். எடுத்தால், வெளிக் கடிதம் கேட்டு அனுப்பும் மடலில், இவரை வழக்கமான கால அளவை வைத்தே மதிப்பிட வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கடிதம் எழுதுகிறவர் ஏழு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று கணக்குப் போடுவார்.

வைகைக்கரை:
இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நொய்யல் மேடம், உங்களுக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது. துறை வலைத்தளத்தில் கடைசி ஐந்து பேரின் சிவி-யை இறக்கிவிட்டேன். அந்த இரண்டு வருட கிரெடிட் விஷயம் மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. விசிட்டிங்கில் இருந்தபோது பாடச் சுமையால் இரண்டே பேப்பர்தான் வந்தது.

பாலாறு:
அப்படியானால் வாங்காதீர்கள். கிரெடிட் வாங்கினால் அந்த இரண்டு வருடத்து வேலையும் உங்கள் கணக்கில் சேரும், ஆனால் ரிவ்யூ நாலாவது வருடமே வந்துவிடும். லேப் கட்டி, முதல் பிஎச்டி மாணவர் ஒருவர் வெளியே வரவே உங்கள் துறையில் நாலு வருடத்துக்கு மேல் ஆகும். பேப்பர் நிறைய கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அது லாபம். ஆறு வருடமும் முழுசாக வேண்டும் என்று கேளுங்கள். ஃபைல் தயாராகிவிட்டால் முன்கூட்டியே போடலாமா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள், பல இடங்களில் போடலாம். போட்டு மறுத்துவிட்டால் மறுபடி போட முடியுமா என்பது இடத்துக்கு இடம் வேறு.

நொய்யல்:
இன்னும் ஒன்று சேர்த்துக் கேளுங்கள் தம்பி. ஆறு வருடத்துக்குள் ஹேண்ட்புக்கைத் திருத்தினால், சேர்ந்தபோது இருந்த அளவுகோல் உங்களுக்குப் பொருந்துமா, திருத்தியது பொருந்துமா என்று. பதில் மின்னஞ்சலில் வரட்டும், டீன் அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். சம்பளம், லேப் பணம் எல்லாம் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இதைக் கேட்டால் யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள், இந்த வாரமே கேளுங்கள்.

வைகைக்கரை:
இப்போதே எழுதுகிறேன் மேடம். கிரெடிட் வேண்டாம் என்பதையும் ஹேண்ட்புக் கேள்வியையும் ஒரே மடலில் போட்டு அனுப்புகிறேன். என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.